மளிகைச் சீட்டும் மொழிப்பற்றும்

ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தலைநகரில் நடைபெறும் விழா மேடைகளில் தமிழின் தொன்மை முழங்கப்படுகிறது. குழந்தைகள் வரிசையாக வந்து குறட்பாக்களை ஒப்புவிக்கின்றனர். பெற்றோரின் கையொலி அரங்கை நிறைக்கிறது. அத்தகைய விழா ஒன்றில் மேடையின் பின்புறத்தே நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தன் முறைக்காகக் காத்திருந்த சிறுமி ஒருத்தியின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பத்துக் குறள்களும் ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தன. அச்சிறுமியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டில் தமிழ் பேசப்படுகிறது, ஆனால் எழுதப்படுவதில்லை. எழுத வேண்டிய தேவையே அவ்வீட்டில் எழுவதில்லை என்பதுதான் உண்மை.

எழுதும் தேவை நம் இல்லங்களில் ஒரு காலத்தில் இருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதினோம். தொலைபேசி வந்ததும் அது நின்றது. அதன் பின்னரும் மாதந்தோறும் தவறாமல் எழுதப்பட்டு வந்தது ஒன்றே ஒன்று. அதுதான் மளிகைச் சீட்டு. புலம்பெயர்ந்த தமிழரின் வீட்டில் தமிழ் எழுத்து இறுதியாகக் குடியிருந்த இடம் அதுவே. அதனையும் நாம் கைவிட்டோம். யாரும் தடுக்கவில்லை, எந்த அரசும் ஆணையிடவில்லை, நாமே கைவிட்டோம். அதனை மீட்காமல் மேடையில் மொழிப்பற்றுப் பேசுவது வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகும் என்பதே என் வாதம்.

என் அன்னையார் எழுதிய சீட்டுகள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. தாளின் தலையில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் முதற்பொருளாக மஞ்சள். வீட்டில் மஞ்சள் நிறைய இருந்தாலும் மங்கலம் கருதி அதனையே முதலில் எழுதுவார். பின்னர் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம் என வரிசை நீளும். தமிழகத்திலிருந்து வந்த புதிதில் வீசையும் பலமுமாக எழுதியவர், இவ்வூர் வழக்கத்துக்கேற்பச் சேர்க் கணக்குக்கு மாறினார். 1958 அக்டோபரில் தசம எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பின் கிலோவும் கிராமும் எழுதக் கற்றார். அளவை இரண்டு முறை மாறியது. எழுத்து ஒரு முறையும் மாறவில்லை. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. கடை வாயிலில் நின்று தமிழ்ச் சீட்டைப் பார்த்து, தமக்குத் தெரிந்த இந்தியில் அவர் சொல்லுவார்: அர்ஹர், உரத், ராயி, மேத்தி. அவரது இந்தி கேட்டுக் கடைக்காரர் சிரித்ததுண்டு. சீட்டை இந்தியில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை.

சீட்டு கடைக்காரருக்கு உரியது அன்று, வீட்டுக்கு உரியது. இந்த எளிய உண்மையை மறந்ததே நம் முதற்பிழை. ‘கடையில் தமிழ் புரியாதே’ என்று காரணம் கூறி நாம் சீட்டின் மொழியை மாற்றினோம். இன்றோ பொருள்களைக் கைபேசியில் தொட்டால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகின்றன. நம் சீட்டைப் படிக்க வேண்டிய கடைக்காரரே இல்லை. அவருக்காக நாம் துறந்த தமிழை அவர் போன பின்னும் துறந்தே இருப்பது என்ன நியாயம்?

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூற வேண்டும். எங்கள் குடியிருப்பில் வாழும் அம்மையார் ஒருவர் பழைய குறிப்பேடு ஒன்றுடன் என் இல்லத்துக்கு வந்தார். அவர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்கு பேசுவார், படிக்க அறியார். அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1991இல் தம் திருமணத்துக்காகத் தம் தாயார் எழுதிய சீர்ப்பட்டியல் அந்த ஏட்டில் இருப்பதாகவும், அதன்படியே மகளுக்கும் செய்ய விரும்புவதாகவும் கூறி, படித்துச் சொல்லுமாறு கேட்டார். நான் படிக்கலானேன். பாத்திரங்கள், பருப்பு வகைகள், பலகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை. முறுக்கு என்னும் சொல்லுக்கு எதிரே ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘மூத்தவளுக்கு முறுக்குப் பிடிக்காது, அதிரசம் கூடுதலாக.’

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. அந்த மூத்தவள் அவரே. தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய அலமாரியிலேயே இருந்த வரி அது. ‘அம்மா எனக்காக எழுதியதை அடுத்த வீட்டார் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே’ என்றார். அன்பர்களே, மொழியிழப்பு என்பது இதுதான். காப்பியங்களைப் படிக்க இயலாமை பெரிய இழப்பே. ஆயினும் அவற்றைப் படித்து உரைக்க அறிஞர் இருப்பர். தாயின் கைச்சீட்டைப் படித்து உரைக்க எந்தப் பல்கலைக்கழகம் துறை அமைக்கப் போகிறது?

‘வள்ளுவனும் இளங்கோவும் இருக்க, பருப்புக்கும் புளிக்குமா மொழிப்போர்?’ என்று எள்ளுவோர் உண்டு. அவர்களுக்கு நம் வரலாறே விடை கூறும். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பகுதி என்ன? பட்டியல்களே. முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றும் முத்துகளின் எண்ணிக்கையோடும், கழஞ்சு, மஞ்சாடி எனும் எடையோடும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு யாருக்கு என்பதும் கல்லில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எளிய மனிதரின் பெயரை நாம் இன்று அறிகிறோம் என்றால், பேரரசன் ஒருவன் பட்டியலிடுவதை இழிவெனக் கருதாததே காரணம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசைப்படுத்தினார். அதனை யாரேனும் பூக்கடைச் சீட்டு என்று ஒதுக்கினரோ?

புலம்பெயர்ந்த நமக்கு இன்னும் நெருங்கிய சான்றும் உண்டு. எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் குசெய்ர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பானையோடு ஒன்று கிடைத்தது. அதன்மேல் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். தாய்லாந்தின் குலோங் தோம் என்னும் ஊரில் பொற்கொல்லரின் உரைகல் ஒன்று ‘பெரும்பதன் கல்’ என்ற தமிழ்ப் பொறிப்போடு கிடைத்துள்ளது. கடல் கடந்து சென்ற அந்தத் தமிழர் தம் பானையின் மீதும் தொழிற்கருவியின் மீதும் தம் எழுத்தையே எழுதினர். சுற்றியிருந்தோருக்கு அது புரியுமா என்று அவர்கள் தயங்கவில்லை. தொடர்வண்டி ஏறி வந்த நாம் தயங்குகிறோம்!

மளிகைச் சீட்டைவிடச் சிறந்த தமிழ்ப் பாடநூலும் இல்லை. மெல்லினம் தன் இனமான வல்லினத்தோடு சேரும் இணைகள் ஆறு என்பது நாம் பள்ளியில் உருப்போட்டது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: பெருங்காயத்தில் ங்க, மஞ்சளில் ஞ்ச, வெந்தயத்தில் ந்த, சோம்பில் ம்ப. பக்கத்து டப்பாவிலுள்ள கொண்டைக்கடலையில் ண்ட. எஞ்சிய ன்ற எங்கே என்கிறீர்களா? ‘மூன்று கிலோ’ என்று அளவு எழுதும்போது அதுவும் வந்துவிடுகிறது. வெல்லம், மிளகு, கிழங்கு என எழுதும் குழந்தைக்கு ல, ள, ழ வேறுபாடு விரல்வழியே ஏறும். எண்ணெய் என்று பன்னிரண்டு மாதம் எழுதிய பிள்ளை அதனை ‘எண்ணை’ என்று பிழைபட எழுதாது. கால், அரை, முக்கால், ஒன்றே கால் என்று தமிழ்க் கணக்கும் உடன் வரும்.

‘எங்கள் வட்டார வழக்கு சரியான தமிழ்தானா?’ என்று அஞ்சுவோரும் உளர். அச்சம் வேண்டா. மதுரையிலும் நெல்லையிலும் சீனி என்பர். சென்னையில் சர்க்கரை என்பர். கொங்கு நாட்டில் ஒடிசாவின் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்ட ‘அஸ்கா’ என்ற சொல்லும் கேட்கும். ஒரு வீட்டில் பயத்தம்பருப்பு, மற்றொரு வீட்டில் பாசிப்பருப்பு, இன்னொன்றில் சிறுபருப்பு. எந்தச் சொல்லை எழுதினாலும் பொருள் ஒன்றே. ஆனால் அந்தச் சொல் உங்கள் பாட்டியின் ஊரைச் சொல்லும். ‘மூங் தால்’ என்று எழுதும் நாளில் அந்த ஊரும் உங்கள் வீட்டிலிருந்து வெளியேறிவிடும்.

கைபேசியே பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுமே என்பர். வைத்துக்கொள்ளும், ஆனால் யாருக்காக? அது நீட்டும் வரிசை விற்பவர் விரும்பும் வரிசை. சென்ற மாதம் வாங்கியதையும், அண்டை வீட்டார் வாங்குவதையும், இன்று தள்ளுபடியில் உள்ளதையும் அது காட்டும். உங்கள் அடுக்களையில் புளி தீர்ந்ததா என்பதை அது அறியாது. டப்பாக்களைத் திறந்து பார்த்து எழுதும் சீட்டே தேவைக்கும் ஆசைக்கும் இடையே போடும் வேலி. கைபேசியில்தான் எழுதுவேன் என்போர் அதிலேயே தமிழில் எழுதலாம். அவ்வசதி எப்போதோ வந்துவிட்டது. வராதது நம் மனம் ஒன்றே.

வேலைப் பட்டியலுக்கும் இது பொருந்தும். மின்கட்டணம், எரிவாயுப் பதிவு, பாட்டியின் மருந்து, சலவைத் துணி என ஒரு வீட்டின் நாள் முழுவதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் நினைவில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அவர் நோயுற்றால் வீடே மறதியில் விழுகிறது. அதனைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மகனும் கணவரும் படிக்கக் கற்பர். படித்த பின் ‘எனக்குத் தெரியாதே’ என்று கூற இயலாது. வேலையும் பங்கிடப்படும்.

தலைநகரில் தமிழுக்கு அமைப்புகள் இல்லாமற் போகவில்லை. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இலிருந்து தொண்டாற்றுகிறது. தமிழ் கற்பிக்கும் பள்ளிகளும் இங்கு உண்டு. ஆயினும் வகுப்பில் கற்ற எழுத்து வீட்டில் வேலையின்றிக் கிடந்தால் துருப்பிடிக்கும். ஆகவே சங்கங்களை நடத்தும் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். ஒப்புவித்தல் போட்டியில் வெல்லும் குழந்தைக்குக் கேடயம் வழங்குங்கள். அதனுடன் கோடிட்ட ஏடு ஒன்றையும் வழங்குங்கள். அடுத்த ஆண்டு அந்த ஏட்டில் பன்னிரண்டு மாதச் சீட்டுகளை எழுதிக் கொண்டுவரும் குழந்தைக்கு முதற்பரிசு என அறிவியுங்கள்.

பெற்றோர்க்கு நான் கூறுவது இன்னும் எளியது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். அருகே கடைப்பெயரையும் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். எழுத்துப் பிழையிருந்தால் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். எழுதி முடித்த தாளைக் கிழித்தெறியாமல் அடுக்கி வையுங்கள்.

முப்பது ஆண்டு கழித்து ஏதோ ஓர் ஊரில் ஓர் அலமாரி திறக்கப்படும். அதனுள் உங்கள் கையெழுத்து இருக்கும். அதைப் படிக்க உங்கள் மகள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமா என்பதை இம்மாதச் சீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.