கல்லுள் உறையும் கடல்

பொருநை கடலொடு கலக்கும் நிலத்தவராகிய நமக்குச் சங்கும் சிப்பியும் புதியனவல்ல. கொற்கையை விட்டுக் கடல் விலகியதையும் நாம் அறிவோம். அரியலூரிலோ கடல் விலகிப் பல கோடி ஆண்டுகள் ஆயின. ஆங்குள்ள சுண்ணாம்புப் பாறையில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன அம்மோனைட் என்னும் சுருளோட்டு உயிரியின் படிவங்கள் கிடைக்கின்றன.

அத்தகைய படிவங்களைக் கல்கத்தாவிலிருந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, 1861 முதல் 1873 வரை நான்கு தொகுதிகளாகக் கல்லச்சுப் படங்களுடன் வெளியிட்டது. பெரும்பகுதியை எழுதியவர் மொராவியரான ஸ்டோலிச்கா. அப்படங்கள் வெறும் அழகுக்கு வரைந்தவை அல்ல. ஓட்டின் உட்புறத்தை அறைச்சுவர் தொடுமிடத்து அமையும் வளைகோடே அம்மோனைட்டின் இனத்தைப் பிரித்தறியப் பெரிதும் உதவுவது. ஒளிப்படத்தில் அது நிழலில் மறைந்துவிடக்கூடும். வரைபவரோ அதனைத் தனியே விரித்துக் காட்டுவார். ஒடிந்த பகுதியைப் புள்ளிக்கோட்டால் நிரப்பினால், கண்டது எது, கருதியது எது என்பது விளங்கும். (இந்நேர்மை உரையாசிரியர்க்கும் வேண்டுவதே!)

அச்சுண்ணாம்புப் பாறை சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வருகிறது; வெட்டியது மீளாது. ஆதலின் நம் விலங்கியல் மாணவர் இப்பயிற்சியை மேற்கொள்ளல் வேண்டும். உறுப்புகளுக்குப் பெயரிடத் தமிழ்த்துறை உடனிருத்தல் வேண்டும். அவ்வளைகோட்டினைத் 'தையற்கோடு' எனலாம் என்பது நம் கருத்து. இதனினும் நல்ல சொல் உடையார் தருக.