ரகசியம் யாரைக் காக்கிறது?

அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய டேனியல் ஹேல் என்பவருக்கு 2021 ஜூலை 27 அன்று 45 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் எந்த எதிரி நாட்டுக்கும் தகவல் விற்கவில்லை. ஆளில்லா விமானத் தாக்குதல்கள் குறித்த ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர் ஒருவரிடம் கொடுத்தார் என்பதே குற்றம்.

2012-ல் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் இருந்தவர் ஹேல். கைப்பேசி சிக்னலை வைத்து ஆட்களின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை. அந்த இடத்தில் ட்ரோன் குண்டு வீசும். அருகில் இருப்பவர்கள் யார், என்ன செய்பவர்கள் என்பது பல நேரங்களில் தெரியாது. மனசாட்சி உறுத்தியதால்தான் ஆவணங்களை வெளியே கொடுத்ததாகப் பின்னர் அவர் சொன்னார்.

2015 அக்டோபரில் 'தி இன்டர்செப்ட்' இணைய இதழ் அவற்றை வெளியிட்டது. வடகிழக்கு ஆப்கானிஸ்தானில் 2012 ஜனவரி முதல் 2013 பிப்ரவரி வரை நடந்த ஒரு நடவடிக்கையின் வான்தாக்குதல்களில் 200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் குறிவைக்கப்பட்டவர்கள் 35 பேர் மட்டுமே. மற்றவர்கள் அடையாளம் தெரியாதபோதும் 'கொல்லப்பட்ட எதிரி' என்றே கணக்கில் எழுதப்பட்டார்கள்.

அரசின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். படை நகர்வுகளும் உளவாளிகளின் பெயர்களும் வெளியானால் உயிர்கள் போகும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துப் பணியில் சேர்ந்தவருக்கு அது அமானிதம். ரகசியத்தைப் போட்டு உடைப்பவர் எல்லாம் தியாகி ஆகிவிட மாட்டார். ஆனால் அநீதியை மூடி மறைப்பது அமானிதத்தில் சேருமா? அந்த ரகசியம் மக்களின் உயிரைக் காக்கிறதா, தவறு செய்தவர்களைக் காக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

ஹேல் மீது பாய்ந்தது, முதல் உலகப்போர்க் காலத்தில் 1917-ல் கொண்டுவரப்பட்ட உளவுச் சட்டம். பொதுநலனுக்காகவே வெளியிட்டேன் என்று வாதாடித் தப்பிக்க அதில் வழியில்லை. ஒற்றனுக்கும் மனசாட்சிக்குப் பயந்தவனுக்கும் ஒரே சட்டம். ஹேல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு காரின் மீது அமெரிக்க ட்ரோன் குண்டு வீசியது. தற்கொலைத் தாக்குதல் தடுக்கப்பட்டதாக ராணுவம் அறிவித்தது. பத்திரிகையாளர்கள் அந்த வீட்டுக்கே போய் விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. காரை ஓட்டி வந்தவர் ஓர் உதவி நிறுவன ஊழியர். இறந்த 10 பேரும் அப்பாவிகள். அவர்களில் 7 பேர் குழந்தைகள். செப்டம்பர் 17 அன்று ராணுவம் தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காக யாருக்கும் தண்டனை இல்லை என்று டிசம்பரில் அறிவித்தது.

கொன்றவர்களுக்குத் தண்டனை இல்லை. கொலைக் கணக்கை வெளியிட்டவருக்குச் சிறை. இதைத் தேசப் பாதுகாப்பு என்று ஏற்க முடியுமா?

காபூலில் உண்மை தெரிந்ததற்குக் காரணம், பத்திரிகையாளர்கள் போய்ச் சேரக்கூடிய தலைநகரில் அது நடந்ததுதான். மலைக் கிராமங்களில் இறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்காகச் சாட்சி சொல்ல உள்ளே இருக்கும் ஒருவர் வாய் திறந்தால்தான் உண்டு. 'தீவிரவாதிகள் கொல்லப்பட்டனர்' என்ற ஒற்றை வரிச் செய்தியை இனி நாம் வாசிக்கும்போது, இதைச் சொன்னது யார், சரிபார்த்தது யார் என்று கேட்போம். நம் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுப்போம்.