ஈறு நோய் நிபுணர்கள் முக்கூடலிலும் பயிலட்டும்

ஈறு நோய் குறித்து உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் பாடங்களில் முக்கியமான ஒன்று, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது. நார்வேயில் பிறந்த பல் மருத்துவ விஞ்ஞானி ஹரால்ட் லோவின் குழு, 1970-இல் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களின் ஈறுகளை அளக்கத் தொடங்கியது. பல் மருத்துவம் எட்டிப் பார்க்காத லயன் குடியிருப்புகள் அவை.

எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன. ஆனால், 15 ஆண்டுகளில் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. நோய் வேகமாக முற்றியவர்கள் 45 வயதுக்குள் பற்கள் அனைத்தையும் இழந்தார்கள். அழுக்கு ஒன்றாக இருக்க விளைவு ஏன் வேறாகிறது? மரபு, உடலின் எதிர்ப்புச் சக்தி, புகையிலை, சர்க்கரை நோய் என்று அதற்கான பதிலை இன்றும் தேடுகிறார்கள். ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993-இல் எழுதியவரும் லோதான்.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் எங்கும் பீடித் தொழில். மடியில் தட்டோடு புகையிலைத் தூளிலேயே பொழுதைக் கழிக்கும் பெண்கள். ‘பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்’ என்ற பயமும் உண்டு. உண்மையில், எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காரைதான் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே. நிபுணர் மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுக்குள் இறக்கி, பள்ளத்தை மில்லிமீட்டரில் அளந்தால் இது முன்பே தெரிந்துவிடும்.

அப்படி அளக்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் எம்.டி.எஸ். முதுநிலைப் படிப்பு மூன்று ஆண்டுகள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூன்றுமே நெல்லைக்கு வெகு தொலைவு. ஆய்வேட்டை முடித்ததும் மாணவர் கிளம்பிவிடுகிறார். நோயாளியும் நோயும் ஊரிலேயே இருக்கிறார்கள். லோவுக்கு 15 ஆண்டுகள் தேவைப்பட்ட கேள்விக்கு மூன்றாண்டு ஆய்வேட்டில் விடை கிடைக்காது.

எனவே, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்க்கென ஒரு நிரந்தரப் பதிவேடு தொடங்கப்பட வேண்டும். முதுநிலை மாணவர்கள் ஆறு மாதமாவது பீடி ஊர்களில் பணியாற்றி அதில் எழுத வேண்டும். மலையகத்தில் போல அளப்பதோடு நிற்காமல், இங்கே அளக்கப்படும் ஒவ்வொருவருக்கும் சிகிச்சையும் தரப்பட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும் ஊழியர், ‘ஈறில் ரத்தம் வருதா?’ என்றும் கேட்கட்டும். சுகாதாரத் துறை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.