செத்த காலேஜும் ஒரு பூட்டும்

எழும்பூர் மியூசியத்துக்குக் கிராமத்து ஜனங்கள் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். மிருகக் காட்சி சாலை ‘உயிர்க் காலேஜ்’. படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1851-ல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனத்தைப் பற்றி இவ்வளவு கச்சிதமான விமரிசனத்தை எந்தப் பண்டிதரும் எழுதி நான் பார்த்ததில்லை.

காட்சி அமைப்பை மாணவர்களுக்குக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றைப் பார்த்தேன். ஊரும் பேரும் வேண்டாம். வெளிச்சம் எத்தனை வகை, அலமாரி எத்தனை வகை என்று வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மேஜைமேல் ஒரு பழஞ்சட்டிகூட இல்லை! சமையல் வகுப்பில் அடுப்பே மூட்டாத கதை.

இதனால் என்ன மோசம் என்பீர்கள். அமராவதிச் சிற்பங்களைப் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் எழும்பூர்ச் சுவரிலே வைத்துப் பூசினார்களே, அதுவும் ‘காட்சி அமைப்பு’தான். ஈரமும் உப்பும் ஏறிக் கல்லையே அரித்தன. வைக்கத் தெரியாதவன் கையில் பொருளே போய்விடும்.

1961-ல் ஆமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் தொடங்கிற்று. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி, 1965-ல் நேரு கண்காட்சியை அமைத்தபோது அங்கிருந்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். செய்து கற்றார்கள், நோட்டுப் புத்தகம் பிற்பாடு.

“அது ஆமதாபாத், ஐயா. எங்கள் திண்டுக்கல்லில் என்ன இருக்கிறது?” என்று ஒரு பேராசிரியர் கேட்டார். பூட்டு இருக்கிறதே! நாகல் நகருக்குப் போங்கள். ஒரு மாங்காய்ப் பூட்டை வாங்கி, பட்டறைக்காரரைக் கொண்டே ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்து வையுங்கள். சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உள்ளே லீவர்கள் வழிவிடும் என்பதைப் பத்து வயதுப் பையன் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் காட்டுங்கள். சாவியையும் அவன் கையில் கொடுங்கள். உடைத்துவிடுவான் என்பார்கள். உடைக்கட்டுமே, பழுது பார்க்கிறவர் அடுத்த தெருவில்தானே இருக்கிறார்!

பக்கத்தில் பத்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது. அந்தப் பத்து வார்த்தையை எழுத மாணவனுக்கு ஒரு மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு அரம் பிடிக்கத் தெரியாது. தெரிந்த கிழவர்கள் பட்டறையில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மாணவர்களை அங்கே அனுப்பச் சொல்லி அந்தப் பேராசிரியருக்கு எழுதியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது.