சிறுகோள்களை ஆராயும் ரேடார் நுட்பம் இடுக்கி மலைச்சரிவுகளைக் காக்குமா?

இடுக்கி: பல லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறுகோள்களின் மேற்பரப்பை அறிய உதவும் ரேடார் நுட்பம், தற்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளையும் கண்காணிக்கத் தொடங்கியுள்ளது. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், வயநாடு நிலச்சரிவின் முதலாம் ஆண்டு நினைவு நாளான 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு மலைப்பகுதி மக்களுக்கு இதனால் கிடைக்கும் பயன் என்ன?

எதிரொலி சொல்லும் செய்தி

ரேடார் அனுப்பும் ரேடியோ அலை சிறுகோளின் மீது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அதன் தொலைவும், அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு சுழற்சியும் கணக்கிடப்படுகின்றன. எதிரொலி மிக வலுவாக இருப்பின் உலோகம் மிகுந்த பரப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சுமார் 500 மீட்டர் விட்டம் கொண்ட பென்னு சிறுகோளின் வடிவம், அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், அரெசிபோ ரேடார்கள் வாயிலாக முன்கூட்டியே கணிக்கப்பட்டது. 2018-ல் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அதனை நெருங்கியபோது வடிவக் கணிப்பு ஏறத்தாழ சரியாகவே இருந்தது. ஆனால், ரேடார் மற்றும் வெப்ப அளவீடுகளைக் கொண்டு சமதளமான பரப்பை எதிர்பார்த்த விஞ்ஞானிகள், அங்கு பாறைக் குவியல்களைக் கண்டு வியந்தனர். தொலைவிலிருந்து பெறும் தரவுகளை நேரில் சரிபார்ப்பது அவசியம் என்பதை இது உணர்த்தியது.

மேகத்தைக் கடக்கும் பார்வை

நிசார் செயற்கைக்கோள் 12 நாட்களுக்கு இருமுறை புவியின் பெரும்பாலான நிலப்பரப்பைப் பதிவு செய்யும். வெவ்வேறு நாட்களில் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டு, சில சென்டிமீட்டர் அளவிலான நில நகர்வையும் கண்டறிய இயலும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் சூழ்ந்திருக்கும் மூணாறு, நெல்லியாம்பதி போன்ற பகுதிகளில், இரவிலும் மேகமூட்டத்திலும் செயல்படும் இந்தத் திறன் முக்கியமானது. இதன் எல்-பேண்ட் அலைகள் தாவரப் போர்வையையும் ஓரளவு ஊடுருவக் கூடியவை.

எட்டாத இடைவெளி

மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு ஏற்பட்ட நிலச்சரிவில், லயங்களில் வசித்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் பலியாகினர். தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டதால், மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தகவல் தெரிந்தது.

மெதுவாக நகரும் சரிவுகளை ரேடார் முன்கூட்டியே அடையாளம் காட்டலாம். ஆனால், கனமழையில் சில நிமிடங்களில் பெருக்கெடுக்கும் சேற்று வெள்ளத்தை, சில நாட்கள் இடைவெளியில் எடுக்கப்படும் பதிவுகளால் எச்சரிக்க இயலாது. செங்குத்தான பள்ளத்தாக்குகளில் அலை எட்டாத நிழற்பகுதிகளும் உண்டு.

எனவே, ரேடார் வரைபடத்துடன் தோட்டம்தோறும் மழைமானிகள், நிலவியலாளர்களின் கள ஆய்வு, துண்டிக்கப்படாத தகவல் தொடர்பு ஆகியவையும் தேவை. நகரும் சரிவு எது என்று தெரிந்த பின்னும் அதன் அடிவாரத்தில் உள்ள லயங்களை இடம் மாற்றாவிட்டால், விண்ணிலிருந்து கிடைக்கும் தகவல் அங்கு உறங்கும் குடும்பங்களுக்குப் பயன்படாது.