டூப்ளிகேட் சாவி இல்லாத பெட்டி

டிஸ்கி: நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எஞ்சினியர்கள் கோபிக்க வேண்டாம் :-)

நாங்கள் நாக்பூரில், அப்பா கும்பகோணத்தில் தனியாக. அவர் டிவியில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி மாட்டியிருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி முகத்தை அதில்தான் பார்ப்பார். போன வருடம் இங்கிருந்தபடியே அதன் பூட்லோடரைப் புதுப்பித்தேன். பாதி எழுதும்போது அங்கே கரண்ட் போனது. பெட்டி போயே போச்சு. கூரியரில் வரவழைத்து, எஸ்டி கார்டு போட்டு உயிர் கொடுத்துத் திருப்பி அனுப்ப 11 நாள். அதுவரை பட்டன் போனில் குரல் மட்டும்தான். "பரவாயில்லப்பா, பெட்டிதானே" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அதில் இருக்கும் இ.எம்.எம்.சி. சிப்பில் பூட்0, பூட்1 என்று இரண்டு தனி அறைகள். நான் வாங்கிய பெட்டியில் ஒவ்வொன்றும் 4 எம்.பி. பூட்0-வில் பூட்லோடர், பூட்1 சும்மா காலி. ஓடிக்கொண்டிருந்த அறையின் மேலேயே எழுதிய புத்திசாலி நான்!

எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு செட் சாவி. டூப்ளிகேட் செட் சீல் வைத்து வேறு கிளையில் இருக்கும். அவ்வப்போது செட்டை மாற்றிக்கொள்வோம். இங்கேயும் அதேதான் முறை. காலி அறையில் புதியதை எழுதுங்கள். திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் மட்டும் எந்த அறையிலிருந்து கிளம்புவது என்கிற 179-ஆம் ரெஜிஸ்டரை மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பத்திரம்.

இரண்டு இடத்தில் கவனம். லினக்ஸ் பூட்0 என்பதை அந்தக் கட்டளையில் 1 என்று கொடுக்க வேண்டும், பூட்1-க்கு 2. பேரைப் பார்த்து எண்ணைப் போட்டால் கோவிந்தா. அடுத்து, நிரந்தர எழுத்துத் தடை. ஒரு தடவை போட்டால் போட்டதுதான், எடுக்கவே முடியாது. லினக்ஸ் கர்னல் இந்த அறைகளை எழுதமுடியாதபடி பூட்டியே வைத்திருக்கிறது. ஃபோர்ஸ்-ஆர்.ஓ. என்கிற அந்தப் பூட்டை நாமாகத்தான் திறக்கிறோம். அந்த ஒரு நிமிடமாவது யோசிக்கலாம்.

புது பூட்லோடரே கோளாறாக இருந்தால் இந்த வித்தையும் காப்பாற்றாது. அதனால் பெட்டியோடு ஒரு மீட்பு எஸ்டி கார்டும் ஊரில் இருக்கட்டும்.

என் கட்சி இதுதான். இரண்டாவது அறையைக் காலியாக விட்டு விற்பது, டூப்ளிகேட் சாவி இல்லாமல் லாக்கர் விற்பது மாதிரி. பெட்டி செய்கிறவர்கள் இரண்டையும் நிரப்பியே தரவேண்டும். அவர்கள் தரும்வரை, ஊரில் அப்பா அம்மாவுக்கு மாட்டிக் கொடுக்கும் நாம்தான் நிரப்ப வேண்டும். நம் மேஜையில் பெட்டி செத்தால் ஒரு மணி நேர வேலை. அங்கே செத்தால், எட்டு மணிக்கு ஒருவர் கருப்பு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.