ஸ்டால் ஸ்பீடு என்னும் மாய எண்

பி.காம். படிக்கிறவனுக்கு டார்க் கன்வர்ட்டரில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களே, இது பாதி காஸ்ட் அக்கவுண்டிங் சமாச்சாரம்தான். (மீதிப் பாதி ஆசை :-))

அமெரிக்காவில் 1970களின் செவர்லே நோவா மாதிரி கார்களை வாங்கி, சரிபண்ணி ஓட்டுபவர்கள் நிறைய. அவற்றில் பலவற்றில் இருப்பது டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். 1969 மாடலில் வந்தது. அதைக் கழற்றியதுமே பலருக்கு ஒரு சபலம் வருகிறது: "எப்படியும் கழற்றியாச்சு, ஹை ஸ்டால் கன்வர்ட்டரே போட்டுடலாமே!"

வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

கன்வர்ட்டருக்குள் இன்ஜின் சுற்றும் விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிரே உள்ள விசிறியைச் சுற்றுகிறது. இந்த இரண்டாவதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் வரை ஏறுமோ, அதுதான் ஸ்டால் ஸ்பீடு. ரேஸ் கேம் ஷாஃப்ட் போட்ட இன்ஜினுக்கு மேலே போனால்தான் சக்தி வரும். அதற்கு 3,000 நியாயம். கம்பெனி இன்ஜினுக்கோ இழுவை கீழேயே இருக்கிறது. அதற்கு எதற்கு 3,000?

இன்னொரு வேடிக்கை, பெட்டியில் போட்டிருக்கும் எண் கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தமில்லை. அதே கன்வர்ட்டர் பெரிய இன்ஜினில் அதிகமாகவும் சின்ன இன்ஜினில் குறைவாகவும் ஸ்டால் ஆகும். காசு கொடுத்து வாங்கிய 3,000 உங்கள் காரில் 3,000 ஆக இருக்காது!

கணக்கு பார்ப்போம். 26 இன்ச் டயர், பின் ஆக்ஸில் ரேஷியோ 3.08, டாப் கியரில் மணிக்கு 60 மைல். இன்ஜின் சுமார் 2,400-ல் ஓடும். 3,000 கன்வர்ட்டர் அங்கே கூடுதலாக வழுக்கும். வழுக்கல் எல்லாம் சூடு. சூடு ஆயிலைக் கருக்கும், சீல்களை இறுக்கிவிடும், பிறகு கிளட்ச் பிளேட்டுகள். 1982-ல் வந்த 700ஆர்4 போல லாக்கப் இருந்தால் நெடுஞ்சாலையிலாவது தப்பிக்கலாம். சாதா டர்போ 350-ல் அது கிடையாது. வாங்கிய விலை ஒருமுறைதான், பெட்ரோல் செலவு தினமும்.

ஆகவே ரீபில்ட் செய்த சாதா கன்வர்ட்டர், மிச்சக் காசுக்கு ஒரு ஆயில் கூலர். கியர்பாக்ஸ் எரிந்து போயிருந்தால் பழைய கன்வர்ட்டரையே திருப்பி மாட்டி மிச்சம் பிடிக்காதீர்கள். அது வெல்டு பண்ணி மூடியது, உள்ளே தங்கிய தூளை நாம் கழுவி எடுக்க முடியாது. கூலர் பைப்பையும் கழுவிவிடுங்கள்.

கடைக்காரர் காரின் எடை, கேம், ஆக்ஸில் ரேஷியோ மூன்றையும் கேட்கிறாரா பாருங்கள். கேட்காமலே 3,000-ஐ எடுத்து நீட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.